மாலி மண்ணில் நிற்கும் அணை, மூன்று நாட்டுச் சொத்து: செனகல் ஆறு ஆளப்படும் விதம்

கேள்வி இதுதான்: "அண்டை நாடுகள் ஓர் ஆற்றையோ அணையையோ பேச்சளவில் இல்லாமல் உண்மையிலேயே கூட்டாக நடத்தும் எடுத்துக்காட்டு உலகில் எங்காவது உண்டா? அணை யாருடைய சொத்து? செலவை எப்படிப் பிரிக்கிறார்கள்? நாடுகளுக்குள் சண்டை வந்தால் அணை என்ன ஆகும்?"

உண்டு. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் ஆறு. மாலி, மொரிட்டானியா, செனகல் ஆகிய மூன்று நாடுகள் 1972இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, கடன் வாங்கி, இரண்டு அணைகள் கட்டி, அவற்றை இன்றுவரை கூட்டாகவே வைத்திருக்கின்றன. பிரெஞ்சுப் பெயரின் சுருக்கத்தை வைத்து அந்த அமைப்பை ஓ.எம்.வி.எஸ். என்பார்கள், செனகல் ஆற்று மேம்பாட்டு அமைப்பு என்று நாம் சொல்லலாம். இந்த மூன்றும் பணக்கார நாடுகள் அல்ல, எப்போதும் நண்பர்களாக இருந்தவையும் அல்ல. 1989இல் இவற்றில் இரண்டு நாடுகள் தூதரக உறவையே முறித்துக்கொண்டன. அப்போதும் அமைப்பு கலையவில்லை. அதைக் காப்பாற்றியது நல்லெண்ணம் என்று பலர் எழுதுகிறார்கள். உடன்படிக்கைகளைப் படித்தால் வேறொன்று தெரியும்: கூட்டுச் சொத்தும் கூட்டுக் கடனும்தான் அதைப் பிடித்து வைத்தன.

முதலில் ஆற்றைப் பார்த்துவிடலாம், இல்லாவிட்டால் கணக்கு புரியாது. நீளம் ஏறத்தாழ 1,800 கிலோமீட்டர். கினியாவின் ஃபூத்தா ஜாலோன் மலைகளில் பிறக்கும் பாஃபிங்கும், பகோயும் மாலியிலுள்ள பஃபூலபே என்ற ஊரில் கூடுகின்றன. மாண்டிங் மொழியில் அந்த ஊர்ப் பெயருக்கே கூடுதுறை என்றுதான் பொருள். அதற்குக் கீழே மாலிக்கும் செனகலுக்கும் எல்லையாக ஓடிவரும் ஃபலேமே சேர்கிறது. அதன்பின் பாக்கெல் ஊரைத் தாண்டி, செனகலுக்கும் மொரிட்டானியாவுக்கும் எல்லையாகவே ஓடி, சான் லூயி நகரருகே அட்லாண்டிக்கில் கலக்கிறது. மொத்த நீரில் ஏறக்குறைய பாதியைத் தருவது பாஃபிங் மட்டும். மழை ஜூன் முதல் அக்டோபர் வரை. மற்ற மாதங்களில் ஆறு மெலிந்துவிடும். நிலத்தின் சாய்வு மிகக் குறைவு என்பதால் கோடையில் கடல்நீர் 200 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே ஏறி வந்துகொண்டிருந்தது.

ஆக ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தேவை. கடற்கரை இல்லாத மாலிக்கு மின்சாரமும் கடலுக்கு ஒரு படகுவழியும் வேண்டும். செனகலுக்குப் பாசன நீர் வேண்டும், உப்பு ஏறக் கூடாது. மொரிட்டானியாவுக்கு, பெரும்பகுதி பாலைவனமான நாட்டில், உருப்படியான வேளாண் நிலம் என்று இருப்பதே இந்த ஆற்றின் வலக்கரைதான். அணை கட்டத் தக்க இடமோ மாலிக்குள், பாஃபிங்கின் மேல். தண்ணீரின் பிறப்பிடம் கினியாவில். தனித்தனியாக யாராலும் எதுவும் செய்ய முடியாத நிலை. இந்த ஆறு கூட்டுறவுக்குத் தோதாக அமைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; மேல்மடை நாடு ஒன்றே தனக்கு வேண்டியதை எல்லாம் செய்துகொள்ளக்கூடிய ஆறுகளில் கதை இப்படிப் போகாது.

முதல் முயற்சி தோற்றது. 1963லும் 1964லும் கினியா உட்பட நான்கு நாடுகளும் சேர்ந்து இதைப் பன்னாட்டு ஆறாக அறிவித்து ஒரு குழு அமைத்தன. 1968இல் அதை விரிவாக்கி, ஆற்றோடு பொருளாதாரம், அரசியல் எல்லாவற்றையும் ஒரே குடையின் கீழ் கொண்டுவரப் பார்த்தார்கள். கினியாவுக்கும் செனகலுக்கும் இருந்த அரசியல் பகையில் அது உடைந்தது. 1972 மார்ச் 11 அன்று மொரிட்டானியத் தலைநகர் நுவாக்சோட்டில் கினியா இல்லாமல் மற்ற மூவரும் மறுபடி தொடங்கினார்கள். இம்முறை அரசியல் ஒற்றுமைப் பேச்சு இல்லை. ஆறு, அதன் நீர், அதன் மேல் கட்டும் வேலைகள், அவ்வளவுதான். இடையே 1968இல் தொடங்கி, சகாராவுக்குத் தெற்கேயுள்ள சஹேல் பகுதியை வாட்டியெடுத்த வறட்சி, எது அவசரம் என்பதை எல்லோருக்கும் காட்டியிருந்தது.

1972 உடன்படிக்கையில் ஒரு விதி: ஆற்றின் ஓட்டம், நீரின் தன்மை, படகுப் போக்குவரத்து, கரையோர வாழ்வு ஆகியவற்றைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றக்கூடிய எந்தத் திட்டத்தையும் மற்ற உறுப்பு நாடுகளின் முன் ஒப்புதல் இல்லாமல் செயல்படுத்தக் கூடாது. "தெரிவித்தால் போதும்" என்றோ "கலந்து பேச வேண்டும்" என்றோ இல்லை, ஒப்புதல் என்றே இருக்கிறது. உலகின் பெரும்பாலான ஆற்று ஒப்பந்தங்கள் தெரிவித்தல், கலந்தாலோசித்தல் என்ற படியிலேயே நின்றுவிடுகின்றன. தென்கிழக்கு ஆசியாவின் மேகாங் ஆற்று ஆணையத்தில் ஆறு மாதக் கலந்தாலோசனை முடிந்ததும், கருத்தொற்றுமை ஏற்படாவிட்டாலும், லாவோஸ் சயாபுரி அணையைக் கட்டி 2019இல் இயக்கத் தொடங்கியது. ஒரே ஒரு வினைச்சொல்லின் வேறுபாடு அது.

அணை யாருடையது

1978 டிசம்பர் 21 அன்று மாலியின் தலைநகர் பமாக்கோவில் கையெழுத்தான உடன்படிக்கைதான் இந்த ஏற்பாட்டின் முதுகெலும்பு. அதன்படி மாலியில் பாஃபிங்கின் மேலுள்ள மனந்தாலி அணை, கடலோரம் உப்புநீரைத் தடுக்கும் தியாமா அணை போன்ற "பொது வேலைகள்" உறுப்பு நாடுகளின் பிரிக்க முடியாத கூட்டுச் சொத்து. அணை இருக்கும் காலம் முழுவதும் அப்படியே. ஒவ்வொரு நாட்டுக்கும் அதில் ஒரு பங்குரிமை உண்டு, ஆனால் பங்கைப் பிய்த்துக்கொண்டு போக முடியாது. அணை எந்த நாட்டு மண்ணில் நிற்கிறதோ அந்த நாடு உரிமையாளர்களில் ஒருவர் மட்டுமே. மற்ற இருவரின் உரிமைக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற கூடுதல் கடமைதான் அதற்கு உண்டு.

இதன் எடை நமக்கு எளிதில் புரியும். முல்லைப்பெரியாறு அணை கேரள மண்ணில் நிற்கிறது, இயக்குவது தமிழ்நாடு. அதன் அடிப்படை 1886இன் 999 ஆண்டுக் குத்தகை. குத்தகையில் ஒருவர் நிலக்காரர், ஒருவர் குத்தகைதாரர். நீர்மட்டம் உயர்ந்திருப்பதில் ஒருவருக்கும் தாழ்ந்திருப்பதில் மற்றவருக்கும் அக்கறை என்று நலன்கள் பிரிந்தே நிற்கும். மனந்தாலியில் அப்படி இல்லை. அணையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மொரிட்டானியாவும் அதற்குச் சட்டப்படி உரிமையாளர். பழுதானால் அதுவும் செலவு செய்ய வேண்டும், வருமானம் வந்தால் அதற்கும் பங்கு உண்டு.

பிணக்கு வந்தால் முதலில் தங்களுக்குள் பேச்சு. முடியாவிட்டால் ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் (இன்றைய ஆப்பிரிக்க ஒன்றியத்தின் முன்னோடி) சமரசக் குழு என்று எழுதினார்கள். கடைசியாகப் பன்னாட்டு நீதிமன்றம்.

செலவைப் பிரித்த கணக்கு

1982 மே 12இல் பமாக்கோவில் இன்னொரு உடன்படிக்கை, இது பணத்தைப் பற்றியது. கடனை நாடுகள் சேர்ந்தோ அமைப்பின் பேரிலோ வாங்கலாம், மூன்று அரசுகளும் பிணை நிற்கும். செலவுப் பங்கும் அப்போதே வகுக்கப்பட்டது: செனகல் 42.1 சதவீதம், மாலி 35.3, மொரிட்டானியா 22.6. இந்த விசித்திரமான எண்கள் பேரம் பேசி வந்தவை அல்ல. அணையால் யாருக்கு எவ்வளவு பயன் என்று மின்சாரம், பாசனம், படகுப் போக்குவரத்து என மூன்று தலைப்புகளில் தனித்தனியாகக் கணக்கிட்டு அதிலிருந்து எடுத்தவை. மின்சாரத்தில் மாலிக்கு 52, செனகலுக்கு 33, மொரிட்டானியாவுக்கு 15 சதவீதம். பாசனத்துக்கு இலக்கு 3,75,000 ஹெக்டேர். அதில் செனகல் 2,40,000, மொரிட்டானியா 1,26,000, மாலி 9,000. படகுவழியின் பயனில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு மாலிக்கு.

பயன் தெரிந்துவிட்டது, ஆனால் ஒரே அணை மூன்று வேலை செய்யும்போது எந்த வேலைக்கு எவ்வளவு செலவு என்று எப்படிச் சொல்வது? அதற்கு ஒரு முறை உண்டு. தனிச் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் பயனுக்கேற்பப் பிரிப்பது என்று அதைச் சொல்லலாம். சிறிய கற்பனைக் கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். மின்சாரம், பாசனம் இரண்டும் தரும் அணைக்கு 100 கோடி ஆகிறது. மின்சாரத்துக்கு மட்டும் கட்டினால் 70 கோடி, பாசனத்துக்கு மட்டும் கட்டினால் 60 கோடி.

மின்சாரத்தைச் சேர்ப்பதால் கூடும் செலவு 100 கழித்தல் 60, அதாவது 40. பாசனத்தைச் சேர்ப்பதால் கூடும் செலவு 100 கழித்தல் 70, அதாவது 30. இவை அந்தந்தப் பயனின் தலையில் நேராக விழும். இரண்டும் சேர்த்து 70. மீதி 30 கோடி பொதுச் செலவு. அதைப் பிரிக்க, ஒவ்வொரு பயனும் எவ்வளவுவரை தாங்கும் என்று பார்க்க வேண்டும். மின்சாரத்தால் வரும் ஆதாயம் 90 கோடி என்று வைப்போம். ஆனால் தனியாக 70 கோடியில் கட்டிக்கொள்ளக்கூடியதற்கு அதற்கு மேல் யாரும் தரமாட்டார்கள், ஆகவே உச்சவரம்பு 70. அதில் தனிச் செலவு 40 போக 30 மிச்சம். பாசன ஆதாயம் 50 என்றால் தனிச் செலவு 30 போக 20 மிச்சம். பொதுச் செலவு 30 கோடியை 30க்கு 20 என்ற விகிதத்தில் பிரித்தால் மின்சாரத்துக்கு 18, பாசனத்துக்கு 12. ஆக மின்சாரத்தின் மொத்தம் 58, பாசனத்தின் மொத்தம் 42.

இப்போது இதன் மேல் நாடுகளின் பங்கைப் போடுங்கள். மின்சாரத்தின் 58 கோடியில் மாலிக்கு 52 சதவீதம், 30.2. செனகலுக்கு 19.1. மொரிட்டானியாவுக்கு 8.7. பாசனத்தின் 42 கோடியை ஹெக்டேர் விகிதத்தில் பிரித்தால் மாலிக்கு 1, செனகலுக்கு 26.9, மொரிட்டானியாவுக்கு 14.1. கூட்டினால் மாலி 31.2, செனகல் 46, மொரிட்டானியா 22.8. கற்பனை எண்களை வைத்தே உண்மையான பங்கின் பக்கத்தில் வந்துவிட்டோம். படகுவழி என்ற மூன்றாவது பயனையும் சேர்த்தால் மாலியின் பங்கு ஏறும், செனகலின் பங்கு இறங்கும். இந்தப் பங்கு கல்வெட்டும் அல்ல. பயன் மாறினால் திருத்தலாம் என்று உடன்படிக்கையே சொல்கிறது. ஒவ்வொரு புதிய வேலைக்கும் தனிப் பங்கு உண்டு. 2013இல் இயங்கத் தொடங்கிய ஃபெலூ மின்நிலையத்தில் மின்சாரப் பங்கு மாலி 45, மொரிட்டானியா 30, செனகல் 25.

இந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் தவறு நேரலாம். ஒன்று, ஆதாயம் என்பது எதிர்பார்ப்பு, கையில் வந்த காசு அல்ல. சான் லூயியிலிருந்து மாலியின் அம்பிதேதி வரை 905 கிலோமீட்டர் படகுவழி என்றார்கள். அணைகள் எழுந்து பல பத்தாண்டுகள் ஆகியும் திட்டமிட்ட அந்த வழி அமையவில்லை. வராத படகுவழிக்காகவும் மாலியின் பங்கு உயர்த்தப்பட்டிருக்கிறது. பாசனமும் 3,75,000 ஹெக்டேருக்கு வெகுதூரம் பின்தங்கியே நிற்கிறது. இரண்டாவது தவறு இன்னும் பெரியது: கணக்கில் மின்சாரம், பாசனம், படகுவழி என்று மூன்றே பத்திகள். வெள்ளம் வடிந்த நிலத்தில் சோளம் விதைப்பவருக்கும், மீன் பிடிப்பவருக்கும், ஆற்றில் இறங்கிக் குளிக்கும் பிள்ளையின் உடம்புக்கும் ஒரு பத்தி போடப்படவில்லை. அதன் விளைவைக் கீழே சொல்கிறேன்.

யார் முடிவு செய்கிறார்கள்

மேலே நாட்டுத் தலைவர்கள் மாநாடு. அதற்குக் கீழே அமைச்சர்கள் குழு; இதன் முடிவுகள் ஒருமனதாக எடுக்கப்பட வேண்டும், எடுத்தபின் நாடுகளைக் கட்டுப்படுத்தும். அன்றாட வேலைக்கு செனகல் தலைநகர் டாக்கரில் உயர் ஆணையம். தண்ணீர்ப் பங்கீட்டில் ஆலோசனை சொல்ல நிரந்தர நீர்க் குழு. அணைகளைப் பராமரிக்க 1997இல் இரண்டு நிறுவனங்கள் தொடங்கப்பட்டன: மனந்தாலிக்கு சோஜெம், தலைமையகம் பமாக்கோ, தியாமாவுக்கு சோஜெட், தலைமையகம் நுவாக்சோட். இந்த நிறுவனங்களின் பங்குதாரர்கள் அரசுகள்தான்.

அலுவலகங்களை மூன்று தலைநகரங்களுக்கும் பிரித்துக் கொடுத்ததைச் சிலர் வீண் செலவு என்பார்கள். அப்படி நினைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நாட்டிலும் இந்த அமைப்பு நிலைப்பதில் அக்கறையுள்ள ஊழியர்களும் அமைச்சகமும் உருவாக அது வழி செய்தது.

மனந்தாலி அணை 1982 முதல் 1988 வரை கட்டப்பட்டது. நீளம் 1,460 மீட்டர், உயரம் ஏறத்தாழ 65 மீட்டர், கொள்ளளவு 1,130 கோடி கனமீட்டர். அதாவது ஏறத்தாழ 400 டி.எம்.சி.; மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவான 93.47 டி.எம்.சி.யைப் போல நான்கு மடங்குக்கும் மேல். கடல்நீரைத் தடுக்கும் தியாமா அணை 1986இல் முடிந்தது. அது எல்லையின் மேலேயே, பாதி செனகலிலும் பாதி மொரிட்டானியாவிலுமாக நிற்கிறது.

ஆனால் மனந்தாலியில் அணை எழுந்தபோது மின்நிலையம் வரவில்லை. 200 மெகாவாட் நிலையத்திலிருந்து முதல் மின்சாரம் வந்தது 2001 இறுதியில்தான். 2002இல் டாக்கருக்கும் நுவாக்சோட்டுக்கும் போனது. நடுவே பதின்மூன்று ஆண்டுகள் வருமானம் இல்லாத அணை, வட்டி ஓடும் கடன். கட்டுமானத்தையும் மின்நிலையத்தையும் தனித்தனி நிதித் திட்டங்களாகப் பிரித்தது பெரும் பிழை. அதன் நடுவில் வந்து விழுந்தது 1989.

1989

அந்த ஆண்டு ஏப்ரலில் பாக்கெல் பக்கத்திலுள்ள தியாவரா என்ற ஊரருகே மொரிட்டானிய மேய்ப்பர்களுக்கும் செனகல் உழவர்களுக்கும் தகராறு மூண்டு இரண்டு செனகல்காரர்கள் கொல்லப்பட்டார்கள். சில நாட்களில் டாக்கரிலும் நுவாக்சோட்டிலும் கலவரம். கடைகள் சூறையாடப்பட்டன, ஏராளமானோர் உயிரிழந்தனர். மொரிட்டானியா பல்லாயிரக்கணக்கான கறுப்பினக் குடிமக்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரத்தியது. ஆகஸ்டில் தூதரக உறவு அறுந்தது. 1992 ஏப்ரலில்தான் மீண்டது.

இதில் அணைக்கும் பங்கு உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அணை வந்தால் கரையோர நிலத்துக்குப் பாசனம் வரும், விலை ஏறும். 1983இல் மொரிட்டானியா கொண்டுவந்த நிலச் சட்டம் பரம்பரை அனுபவ உரிமையை ஒதுக்கிவிட்டு நிலத்தை அரசு மறுபங்கீடு செய்ய வழி திறந்தது. பல தலைமுறையாக உழுதவர்களின் நிலத்தின் மேல் வெளியாட்களின் கண் விழுந்தது. துரத்தப்பட்டவர்களில் பலர் அப்படிப்பட்ட கரையோர உழவர்கள்.

ஆயினும் அந்த மூன்றாண்டுகளில் அமைப்பு கலையவில்லை. வெளியேறினால் என்ன ஆகும் என்று இரு தரப்பும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கடனுக்குப் பிணை நின்றாகிவிட்டது. வெளியேறினாலும் கடன் போகாது, அணையின் மேலுள்ள உரிமை மட்டும் போகும். அணை நிற்பதோ சண்டையில் சேராத மாலியின் மண்ணில். மூன்றாவது நாடு ஒன்று நடுவில் இருப்பது எத்தனை பெரிய பாதுகாப்பு என்பதை இந்த இடத்தில் பார்க்கலாம். இரு நாட்டு ஒப்பந்தங்களுக்கு அந்த வசதி கிடையாது.

2000 ஜூனில் மறுபடி ஓர் உரசல். வறண்டுபோன பழைய ஓடைப் பள்ளத்தாக்குகளுக்கு ஆற்றுநீரைக் கொண்டுபோகும் திட்டத்தை செனகல் முன்னெடுத்தது. மொரிட்டானியா தன் நாட்டிலிருந்த செனகல்காரர்களுக்கு வெளியேற 15 நாள் கெடு விதித்தது. செனகல் அதிபர் அப்துலாயே வாத் திட்டத்தைக் கைவிட்டார், கெடுவும் திரும்பப் பெறப்பட்டது. முன் ஒப்புதல் வேண்டும் என்ற 1972 விதி தாளில் எழுதப்பட்டிருந்ததால், எது மீறல் என்பதில் வாதத்துக்கு இடமில்லாமல் போனது.

கணக்கில் வராதவர்கள் கட்டிய விலை

ஆற்றின் நடுப்பகுதியில் நிலம் இரு வகை. வெள்ளம் ஏறி இறங்கும் தாழ்நிலம் வாலோ. மழையை மட்டும் நம்பிய மேட்டுநிலம் ஜேரி. அக்டோபர், நவம்பரில் வெள்ளம் வடிந்ததும் வாலோவின் ஈரக் களிமண்ணில் சோளம் விதைப்பார்கள். உரம் வேண்டாம், பம்புசெட் வேண்டாம், வண்டலே உரம். நல்ல ஆண்டுகளில் ஒரு லட்சம் ஹெக்டேருக்கும் மேல் இப்படி விளைந்தது. அதே வெள்ளச் சமவெளி மீன்களின் முட்டையிடும் இடம், பிறகு மாடுகளின் மேய்ச்சல் நிலம்.

அணை வந்தபின் வெள்ளம் தானாக வராது, யாராவது திறந்துவிட வேண்டும். திறப்பதிலும் மூன்று பக்குவம் உண்டு. முதலில் நேரம்: பகோயும் ஃபலேமேயும் இயற்கையாகப் பெருகும் ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரோடு மனந்தாலித் திறப்பு ஒத்துப்போக வேண்டும், தவறினால் அத்தனை நீரும் கரை ஏறாமலே கடலுக்குப் போகும். அடுத்து நீடிப்பு: நீர் சில நாளாவது நிலத்தில் நின்றால்தான் களிமண் ஆழம்வரை ஊறும். மூன்றாவது, வடிந்தபின் மறுபடி திறக்கக் கூடாது. முளைத்த பயிர் மூழ்கிவிடும். அணை இயங்கத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் இந்தப் பக்குவம் தவறி, ஒழுங்கற்ற திறப்புகளால் விதைத்தவர்கள் பயிரை இழந்தார்கள்.

மின்சாரத்தோடு மோதல் இங்கேதான். மனந்தாலியின் விசையாழிகள் நொடிக்குச் சுமார் 500 கனமீட்டர் நீரைத்தான் விழுங்கும். பயனுள்ள வெள்ளத்துக்குப் பாக்கெலில் நொடிக்கு 2,500 கனமீட்டர் அளவில் ஓட்டம் வேண்டும். பகோயும் ஃபலேமேயும் கொடுப்பது போக, மீதியை மனந்தாலி விசையாழிக்கு வெளியே கொட்ட வேண்டும். மின்வாரியத்தின் பார்வையில் அது காற்றில் விட்ட காசு. மின்சாரத்துக்குப் பங்கு விகிதம், நிறுவனம், கடன் ஒப்பந்தம் எல்லாம் இருந்தன. வாலோ உழவருக்கு எதுவும் இல்லை. விளைவு என்னவாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

தியாமாவின் பக்கம் கேடு வேறு வடிவில் வந்தது. உப்புநீர் ஏறாமல் நின்றது, ஆண்டு முழுவதும் நன்னீர், பாசனக் கால்வாய்கள். நத்தைகளுக்கு அதுவே சொர்க்கம். 1988இல் செனகலின் ரிஷார் தோல் நகரில், நத்தைகள் வழியே பரவிக் குடலைத் தாக்கும் புழு நோயான நத்தைக் காய்ச்சல் வெளிப்பட்டு, சில ஆண்டுகளில் மிகக் கடுமையாகப் பரவியது. அந்த நத்தைகளைத் தின்னும் ஆற்று இறால், முட்டை பொரிக்க முகத்துவாரத்தின் உவர்நீருக்குப் போய்வர வேண்டும். தியாமா அந்த வழியை அடைத்துவிட்டது. உப்பு போனதும் சம்பு என்ற கோரை கால்வாய்களை அடைத்து வளர்ந்தது. 1999இல் சால்வினியா என்ற மிதக்கும் களை பரவியபோது மட்டும் நல்ல தீர்வு கிடைத்தது: அதைத் தின்னும் சிறு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள், களை அடங்கியது. மொரிட்டானியப் பக்கம் தியாவ்லிங் தேசியப் பூங்காவில் 1990களின் நடுவிலிருந்து செயற்கை வெள்ளம் விட்டு, செத்துப்போன சதுப்புநிலத்தை மீட்டெடுத்தார்கள். மனம் வைத்தால் அணையின் மதகை வைத்தே சேதத்தைச் சரிசெய்யலாம் என்பதற்கு அது நல்ல சான்று.

2002இன் நீர்ச் சாசனம்

மூன்று பத்தியில் அடங்காதவர்களுக்கு 2002 மே மாதம் கையெழுத்தான நீர்ச் சாசனத்தில் ஓரளவு இடம் கிடைத்தது. அதன் சிறப்பு: நாட்டுக்கு இத்தனை கனமீட்டர் என்று நீரைப் பிரிக்கவில்லை. வேளாண்மை, மீன்வளம், மின்சாரம், குடிநீர், சுற்றுச்சூழல் என்று பயன்பாடுகளுக்கிடையே பிரிக்கிறது. நம் காவிரி வழக்கைப் பின்தொடர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாடு உறைக்கும். நாட்டுக்கு இவ்வளவு என்று பிரித்தால், பற்றாக்குறை ஆண்டில் ஒவ்வொரு டி.எம்.சி.யும் நாட்டின் மானமாகிவிடும். பயனுக்கு இவ்வளவு என்றால், எல்லைக்கு இரு பக்கத்து உழவரும் ஒரே பக்கம் நின்று பேச முடியும்.

அசாதாரணச் சூழல் தவிர ஆண்டுதோறும் செயற்கை வெள்ளம் விட வேண்டும் என்பது சாசனத்தில் சேர்ந்தது. நீரைப் பயன்படுத்துவோர் நிரந்தர நீர்க் குழுவில் பார்வையாளராக இருக்கலாம் என்பதும் சேர்ந்தது. வாக்குரிமை இல்லை என்பது குறை. "அசாதாரணச் சூழல்" என்ற சொல்லுக்குள் எதையும் நுழைத்துவிடலாம் என்பதும் குறை. இருந்தாலும் உழவர்கள் காட்டிக் கேட்க ஒரு வரியாவது எழுத்தில் வந்தது. 2006இல் கினியாவும் உறுப்பினராகி, ஆறு பிறக்கும் நாடே வெளியே நிற்கும் நிலை மாறியது.

இன்று ஆற்றின் பிடி இன்னும் இறுகியிருக்கிறது. டாக்கரின் குடிநீரில் பெரும்பகுதி இந்த ஆறு நிரப்பும் கியேர் ஏரியிலிருந்து போகிறது. 2010 முதல் நுவாக்சோட்டும் இதே ஆற்றுநீரைக் குடிக்கிறது. 2022இல் 140 மெகாவாட் கூய்னா மின்நிலையம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு மேற்கு ஆப்பிரிக்கப் பொருளாதாரக் கூட்டமைப்பு மாலி மேல் தடை விதித்திருந்தது. 2025 ஜனவரியில் மாலி அந்தக் கூட்டமைப்பை விட்டே வெளியேறியது. மொரிட்டானியா 2000லேயே வெளியேறிவிட்டது. ஆற்று அமைப்பின் உறவு அந்த அரசியல் உறவோடு பிணைக்கப்படாததால் அணைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1968இல் எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டியவர்கள் தோற்றதும், 1972இல் ஆற்றை மட்டும் எடுத்துக்கொண்டவர்கள் நிலைத்ததும் ஏன் என்று இப்போது தெரியும்.

ஆனால் பிடிக்குள் வராத இடங்களும் உண்டு. மனந்தாலி கட்டுப்படுத்துவது பாஃபிங்கை மட்டுமே. பகோயும் ஃபலேமேயும் ஒரே நேரத்தில் பெருகினால் மனந்தாலி மதகை மூடினாலும் வெள்ளம் வரும். 2024 அக்டோபரில் செனகலின் பாக்கெல், மாத்தம் பகுதிகள் மூழ்கின. அதே ஃபலேமேயில் தங்கம் தோண்டுவோர் பாதரசமும் சேறுமாக ஆற்றைக் கலக்கிவிட்டார்கள். 2024இல் செனகல் தன் கரையிலிருந்து 500 மீட்டருக்குள் சுரங்க வேலையைத் தடை செய்தது. எதிர்க்கரை மாலி. ஒரு கரையில் மட்டும் தடை போட்டால், தோண்டுபவர் படகேறி அடுத்த கரைக்குப் போவார், தண்ணீர் ஒன்றுதானே. அணைக்குப் பங்கு விகிதம் எழுதியது போல, ஃபலேமேயின் தூய்மைக்கு யார் காவல், யார் செலவு என்று கூட்டாக எழுதும் வேலை இன்னும் முடியவில்லை.